"சோலனின்" பாட்டு உண்மையில் எதைப் பற்றியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது யாருடைய பாட்டு?

ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ஜப்பானிய ராக் குழு 2010 மார்ச் கடைசியில் வெளியிட்ட பாட்டு. 1996-ல் யோகோஹாமாவில் கான்டோ காகுயின் பல்கலைக்கழகத்தில் உருவான குழு இது. பெயர் புதிதாக இருந்தாலும் குரல் உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம், ஏனென்றால் நருட்டோ என்ற அனிமே தொடரின் இரண்டாவது தொடக்கப் பாட்டு இவர்களுடையதுதான்.

ஆனால் சோலனினின் வரிகளை எழுதியது இந்தக் குழு இல்லை. அசானோ இனியோ என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர், 2005-லும் 2006-லும் 'வீக்லி யங் சண்டே' இதழில் இதே பெயரில் ஒரு தொடர் வரைந்தார். அந்தக் கதைக்குள் ஒரு இளைஞன் எழுதுகிற பாட்டுதான் இது. அதாவது சில வருடம் இந்தப் பாட்டு வெறும் அச்செழுத்தாக மட்டுமே இருந்தது, மெட்டே கிடையாது, படித்தவர்கள் ஆளுக்கொரு மெட்டை மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதை படமாகி 2010 ஏப்ரலில் வந்தபோது, குழுவின் பாடகர் கோட்டோ மசஃபுமி அதே வரிகளுக்கு மெட்டுப் போட்டார். காகிதத்தில் பிறந்து நிஜ உலகத்துக்கு வந்த பாட்டு என்பதாலேயே இதற்கு இரண்டு உயிர் உண்டு. கதைக்குள் ஒரு அர்த்தம், வெளியே தனியாகக் கேட்டால் இன்னொரு அர்த்தம். இந்தப் பக்கத்தில் வருகிற குழப்பங்களில் பாதி அதனால் வருகிறவை.

கதை தெரியாமல் பாட்டை மட்டும் கேட்டால் போதுமா?

போதும். மங்கிப்போன ஒரு காதலைப் பற்றிய நல்ல ராக் பாட்டாக அது தனியாகவே நிற்கும். ஆனால் கதை தெரிந்தால் பாட்டு இன்னொரு ஆழத்துக்குப் போகும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதையின் முக்கியத் திருப்பமும் இதில் வருகிறது, படிக்கவோ பார்க்கவோ போகிறவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

மெய்கோ என்ற பெண்ணும் டனேடா என்ற இளைஞனும் கல்லூரி இசைக் குழுவில் பழகி, படிப்பு முடிந்ததும் டோக்கியோவின் ஓரத்தில் டாமா ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள். அவளுக்கு அலுவலக வேலை, பிடிக்காத வேலை. அவனுக்குப் பகுதிநேர வேலை, மிச்ச நேரத்தில் நண்பர்களோடு கிடார். ஒருநாள் அவள் வேலையை விட்டுவிடுகிறாள். கொஞ்ச நாளில் அவனும் விட்டுவிட்டு, இந்த ஒரு தடவையாவது முழு மூச்சாக முயல்வோம் என்று 'சோலனின்' என்ற பாட்டை எழுதிப் பதிவு செய்து இசை நிறுவனங்களுக்கு அனுப்புகிறான். ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வருகிறது, அதுவும் ஒரு கவர்ச்சி நட்சத்திரத்துக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சொல்லி. வேண்டாம் என்று வந்துவிடுகிறார்கள்.

அதன் பிறகு அவனுக்குள் என்னமோ தளர்ந்துபோகிறது. பிரிந்துவிடலாம் என்று சொல்கிறான், பிறகு இல்லை என்கிறான், சில நாள் வீட்டுக்கே வராமல் இருக்கிறான். கடைசியில் போன் பண்ணி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியில் கிளம்புகிறான். போகிற வழியில், நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான், உடனே 'நிஜமாகவா?' என்றும் தன்னையே கேட்டுக்கொள்கிறான். அப்படியே சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் விபத்தில் இறக்கிறான். மெய்கோ அவன் கிடாரை எடுத்து, அது வாசிக்கவே தெரியாத நிலையிலிருந்து கற்றுக்கொண்டு, அவன் எழுதிய அந்தப் பாட்டை மேடையில் பாடுகிறாள்.

வரிகள் மொத்தத்தில் என்ன சொல்கின்றன?

ஒருவன் முடிந்துபோன உறவை நினைத்துப் பேசுகிறான். நமக்குள் இருந்த தப்பான எண்ணங்கள் எல்லாம் எங்கேயோ வானத்துக்கு அப்பால் போய்விட்டன, கொஞ்சம் போல ஒரு எதிர்காலம் கண்ணுக்குத் தெரிந்ததே, ஆனாலும் விடைபெற வேண்டியதாகிவிட்டது என்று ஆரம்பிக்கிறான். நாம் முன்பு இருந்த சின்ன அறையில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்கிறான். நீ சொன்ன கடுமையான வார்த்தைகளும் வீணாகப் போனதாகத் தோன்றிய நாட்களும் நினைவுக்கு வருகின்றன. அப்போது இப்படிச் செய்திருந்தால், அந்த நாளுக்குத் திரும்ப முடிந்தால் என்று யோசிக்கிறான், யோசித்த கையோடு அந்தப் பழைய நானாக இனி ஆக முடியாது என்று அவனே முடித்துவிடுகிறான்.

பிறகு வருவதுதான் பாட்டின் மையம். சும்மா ஒரு தளர்வான சந்தோஷம் இழுத்துக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள், எப்படியும் ஒரு கெட்ட விதை முளைவிட்டு, பிரிவில்தான் வந்து நிற்கும். இதை அவன் முணுமுணுத்துச் சொல்லவில்லை, பாட்டிலேயே குரல் உச்சத்துக்குப் போகிற இடம் இதுதான்.

சோலனின் என்றால் என்ன? காதல் பாட்டுக்கு ஏன் அந்தப் பெயர்?

முளைவிட்ட உருளைக்கிழங்கிலும் வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கிலும் சேர்கிற நச்சுப்பொருள். சாதாரணமாக வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. அதனால்தான் முளையையும் பச்சைத் தோலையும் ஆழமாகச் செதுக்கி எறியச் சொல்கிறார்கள். அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு.

நான் இந்தப் பெயரை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கிழங்கை யாரும் கெடுக்கவில்லை. வெளியிலிருந்து புழுவும் வரவில்லை, அழுகலும் தொற்றவில்லை. எடுக்காமல் கூடையிலேயே இருந்தது, அவ்வளவுதான், இருந்த இடத்தில் தன் இயல்புப்படி வளர ஆரம்பித்தது. கிழங்கின் பக்கமிருந்து பார்த்தால் முளை என்பது உயிர், அடுத்த செடி. அந்த விஷமும் செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்குவதுதான். சாப்பிட நினைக்கிறவனுக்குத்தான் அது கேடு. டனேடா எழுதிய காதலும் அப்படித்தான் கெடுகிறது. இரண்டு பேரில் ஒருவரோ இருவருமோ வளர ஆரம்பிக்கிறார்கள், அந்த வளர்ச்சியே அதுவரை இருந்த வாழ்க்கையை விழுங்க முடியாததாக ஆக்கிவிடுகிறது.

தளர்வான சந்தோஷம் என்றால் என்ன? சந்தோஷமாக இருப்பதில் என்ன கெடுதல்?

அதிகமாக வருகிற கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய ஆசை நிறைவேறிய சந்தோஷம் இல்லை இது. மாதச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கலாம், நண்பர்கள் வந்தால் பீர் குடிக்கலாம், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறாள். குறை சொல்ல எதுவும் இல்லை, ஆனால் எதற்காக இதெல்லாம் என்று கேட்டால் பதிலும் இல்லை. பிடியில்லாமல், இறுக்கமில்லாமல், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகிற நிலை.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து ஜப்பானைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்த பிறகு, கிட்டத்தட்ட 1993-லிருந்து 2005 வரை கல்லூரி முடித்து வந்தவர்களை 'வேலைவாய்ப்பின் பனியுகத்தில்' மாட்டியவர்கள் என்பார்கள். அப்பா தலைமுறை ஒரே நிறுவனத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றது. இவர்களுக்கு அந்தப் பாதை குறுகிப்போய்விட்டது. நிரந்தர வேலை இல்லாமல் பகுதிநேர வேலைகளிலேயே காலம் தள்ளியவர்களுக்கு 'ஃப்ரீட்டர்' என்று தனிப் பெயரே இருந்தது. தொடர் வெளிவந்த நேரம் சரியாக அந்தப் பனியுகத்தின் வால்பகுதி. அப்படிப்பட்ட ஒரு இளைஞனுக்குச் சின்ன சந்தோஷம் என்பது அடைக்கலம். அதே சமயம் அவன் தோற்றுவிட்டான் என்பதற்கான அத்தாட்சியும் அதுதான். மெய்கோவோடு இருக்கிற நிம்மதியை அவன் நிஜமாகவே விரும்புகிறான், ஆனால் அந்த நிம்மதிக்குள் உட்காரும்போதெல்லாம் தான் எதையோ கைவிட்டுவிட்டோம் என்ற உறுத்தலும் கூடவே உட்காருகிறது. அந்த உறுத்தலை அவளிடம் சொல்லவும் முடியாது, சொன்னால் அவளையே குறை சொன்னதாகிவிடும்.

கெட்ட விதை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். துரோகமோ மூன்றாவது ஆளோ இல்லை, சொல்லாமல் உள்ளுக்குள் வைத்த ஒரு அதிருப்தி. வண்டியில் போகும்போது அவன் கேட்டுக்கொண்ட அந்த 'நிஜமாகவா?' இருக்கிறதே, அது அந்த விதையின் முளை.

அப்படியானால் தப்பு யார் மேல்?

யார் மேலும் இல்லை. பாட்டில் ஒரு இடத்தில்கூட அவளைக் குற்றவாளியாக்கவில்லை. அவள் சொன்ன கடுமையான வார்த்தைகளை நினைக்கிறான், உடனே தன் வீணான நாட்களையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறான்.

நானும் என் துணையும் சண்டையே போடுவதில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று போய்விட்டது. இந்தப் பாட்டு அதைத்தான் சொல்கிறதா?

ஆமாம், அதைத்தான் சொல்கிறது. பிரிவுப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு நாளைப் பற்றியவை, அவள் போன நாள், அவன் பொய் சொன்ன இரவு என்று எதையாவது பிடித்துக்கொண்டு அழும். சோலனினில் அப்படி ஒரு நாளே கிடையாது. எப்போது முடிந்தது என்று கேட்டால் பாடுகிறவனுக்கே தெரியாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, எந்த நிமிடத்தில் ஆறியது என்று யாராவது சொல்ல முடியுமா?

இதில் உள்ள வேதனையே தனி ரகம். சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்குக் கோபமாவது மிஞ்சும். தேய்ந்து பிரிந்தவர்களுக்குக் கோபப்படக் காரணம் கிடைக்காது, வருத்தப்படக்கூட ஒரு கூச்சம், 'என்ன ஆச்சு?' என்று நண்பர்கள் கேட்டால் சொல்வதற்குக் கதை இருக்காது. 'அப்போது இப்படிச் செய்திருந்தால்' என்று பாட்டு ஆரம்பிப்பதைக் கவனியுங்கள். எதைச் செய்திருந்தால் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. ஏனென்றால் அப்படிக் குறிப்பாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

குளிர்ந்த காபி டின், வானவில் நிற மஃப்ளர், சந்தில் ஓடுவது, இதெல்லாம் எதற்கு வருகிறது?

இரண்டாம் பகுதியில் வருகிற காட்சி. பனிக்காலம், கையில் ஆறிப்போன ஒரு டின் காபி, நீளமான பல வண்ண மஃப்ளர், சின்னச் சின்ன அடியாக ஓடி வீடுகளுக்குப் பின்னால் போகிற சந்தைக் கடப்பது. இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன் என்கிறான், அதற்கு மேல் விளக்கம் இல்லை.

காபி டின் ஜப்பானில் எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தால் இந்த வரி இன்னும் நன்றாகப் பிடிபடும். 1969-ல் யூசிசி நிறுவனம் பால் கலந்த காபியை டின்னில் விற்க ஆரம்பித்தது. 1973-ல் போக்கா நிறுவனம் டின்னைச் சூடாகவும் குளிராகவும் தருகிற தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்து தெருமுனைகளிலும் ரயில் நடைமேடைகளிலும் அந்த இயந்திரங்கள் பரவின. பனிக்காலத்தில் காசு போட்டால் டப்பென்று விழுகிற டின் கை சுடுகிற அளவுக்கு இருக்கும். குடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கோட் பையில் வைத்துக் கையைச் சூடாக்கிக்கொள்வார்கள், பக்கத்தில் இருக்கிறவர் கன்னத்தில் வைத்து விளையாடுவார்கள். ரொம்பச் சின்ன டின், சில நிமிடத்தில் சூடு போய்விடும். பேச்சு சுவாரசியத்தில் குடிக்காமல் விட்டால் கையில் வெறும் தகரத்தின் குளிர்தான் மிச்சம்.

அந்த வரியை நான் அப்படித்தான் கேட்கிறேன். காபி ஆறினது அன்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் பெரிதாகத் தோன்றியிருக்காது, சிரித்துக்கொண்டே ஓடியிருப்பார்கள். வருடங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கிறவனுக்கு மட்டும் அது வேறு மாதிரி தெரிகிறது. மஃப்ளரின் நிறமும் அப்படித்தான், நீளமாகப் பேசியதெல்லாம் மறந்துபோகும், ஒரு மஃப்ளரின் நிறம் மறக்காது. அசானோ படம் வரைகிறவர், அதனால் வரிகளும் கட்டம் கட்டமாக வருகின்றன.

பழைய அறையில் வேறு யாரோ இருப்பதும் இதே வகைதான். டோக்கியோவில் வாடகை ஒப்பந்தம் பொதுவாக 2 வருடத்துக்கு. காலி பண்ணினால் துடைத்துச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். காதலர்கள் இருந்த இடம் என்று ஒரு அடையாளமும் மிஞ்சாது. சண்டைகளும் சமாதானங்களும் நடந்த அந்தச் சின்ன அறையில் இப்போது யாரோ துணி உலர்த்துகிறார்கள். வருத்தமான விஷயம்தான், ஆனால் பாட்டு அதைப் புலம்பாமல் ஒரு செய்தியைப் போலச் சொல்லிவிட்டு நகர்கிறது.

விடைபெறுவது மட்டும்தான் வாழ்க்கையா என்று ஒரு வரி வருகிறதே, அது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது?

கேட்டிருப்பீர்கள். ஜப்பானியர்களுக்கு அது ரொம்பப் பழகின வாசகம். 9-ஆம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் யூ வூலிங், நண்பனுக்கு மதுக் கிண்ணத்தை நீட்டி, இதை மறுக்காதே என்று சொல்கிற மாதிரி நான்கு வரிக் கவிதை ஒன்று எழுதினார். பூ மலர்ந்தால் காற்றும் மழையும் வரும், மனித வாழ்வில் பிரிவுக்குக் குறைவில்லை என்று அது முடியும். எழுத்தாளர் இபுசே மசுஜி இதை ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்தபோது, கடைசி வரியை, விடைபெறுவது மட்டுமே வாழ்க்கை என்று வெட்டினாற்போல் முடித்தார். 1937-ல் வெளியான அவருடைய கவிதைத் தொகுப்பில் இருக்கிறது. அவருடைய சீடரான எழுத்தாளர் டசாய் ஒசாமுவுக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். பின்னால் டெராயாமா ஷூஜி என்ற கவிஞர் இதற்குப் பதில் சொல்வது போல, விடைபெறுவது மட்டும்தான் வாழ்க்கை என்றால் மறுபடி வருகிற வசந்தம் என்ன என்று கேட்டு எழுதினார்.

சோலனின் அந்த வரியைக் கேள்வியாக மாற்றுகிறது. இபுசே தீர்ப்பாகச் சொன்னதை, இருபத்து சொச்சம் வயதுப் பையன் ஒருவன், இவ்வளவுதானா என்று கேட்கிறான். எனக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியதாகத் தெரிகிறது. வாழ்ந்து பார்த்தவர் சொன்னால் அது அமைதி, வாழவே ஆரம்பிக்காதவன் கேட்டால் அது பயம்.

இது இறந்துபோன காதலனைப் பற்றிய பாட்டுதானே?

இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் பலரும் அப்படி நினைக்கிறார்கள், நினைப்பதில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் படத்தில் அந்தப் பாட்டின் பெரிய காட்சி வருவது அவன் இறந்த பிறகுதான். ஆனால் கதைக்குள் நடந்த வரிசையைப் பாருங்கள். டனேடா இதை உயிரோடு இருக்கும்போது எழுதினான், மெய்கோ பக்கத்து அறையில் இருக்கும்போது எழுதினான். இன்னும் பிரியாத ஒருத்தியோடு வாழ்ந்துகொண்டே அவளிடமிருந்து விடைபெறுகிற பாட்டை எழுதினான்! சாவைவிட இது எனக்குக் கனமாகப் படுகிறது. அவன் பயந்த எதிர்காலத்தை, அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட மாதிரி எழுதிப் பார்த்திருக்கிறான்.

அப்புறம் அவன் இறந்துபோகிறான், வரிகள் மாறாமல் அர்த்தம் மட்டும் மாறிவிடுகிறது. எங்கேயாவது நன்றாக இரு என்ற வார்த்தை அவன் எழுதும்போது பிரிந்துபோகிற காதலிக்கானது. மெய்கோ பாடும்போது அது போனவனுக்கானது. அந்தப் பழைய அறை என்று அவன் கற்பனையில் எழுதியது, அவளுக்கு நிஜமான முகவரி.

அப்படியானால் மெய்கோ பாட்டை எப்படிப் புரிந்துகொள்கிறாள்?

முதலில் அவளும் இது காதலர் பிரிகிற பாட்டு என்றுதான் நினைக்கிறாள். பாடப் பாட, இது பழைய தன்னிடமிருந்தே விடைபெறுகிற பாட்டு என்ற இடத்துக்கு வந்து சேர்கிறாள். நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். காதல் தேய்வதைப் பற்றிய பாட்டுகளில் நாம் எப்போதும் போனவரைத்தான் தேடுகிறோம். ஆனால் அந்த உறவோடு சேர்ந்து போன இன்னொரு ஆள் உண்டு, அந்தக் காலத்து நாம். ஆறின காபியோடு சந்தில் ஓடினவன், எதிர்காலம் கொஞ்சம் தெரிகிறது என்று நம்பினவன். பிரிந்து போனவரைத் தேடிப் போனால் எங்கேயாவது கண்டுபிடித்துவிடலாம், மறுபடி சேரவும் செய்யலாம், அது நடந்திருக்கிறது. ஆனால் இந்த ஆளைத் தேடிப் போக முகவரியே கிடையாது. பாட்டில் 'அந்த நாளுக்குத் திரும்ப முடிந்தால்' என்று ஆரம்பித்து, 'அந்த நானாக ஆக முடியாது' என்று முடிவதற்குக் காரணம் அதுதான். நாளைத்தான் கேட்கப் போனான், ஆளைத்தான் இழந்திருக்கிறோம் என்று பாதியில் தெரிந்துவிட்டது.

இவ்வளவு சோகமான வரிகளை ஏன் மெதுவான பாட்டாகப் போடவில்லை?

மெதுவாகப் போட்டிருந்தால் இது இரங்கல் பாட்டாகிப் போயிருக்கும். கோட்டோ போட்டது நேரான கிடார் ராக். ஆரம்பத்தில் ஒரு கிடார் துணுக்கு, அது முடிந்து குரல் வரும்போது கிட்டத்தட்ட பேசுகிற தொனி, சாயங்காலம் நடந்துபோகும்போது ஒருவன் தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு அந்தத் தளர்வான சந்தோஷத்தைப் பற்றிய இடம் வந்ததும் டிரம்ஸும் கிடார்களும் சேர்ந்து ஏறுகின்றன, குரல் தொண்டையை இறுக்கிக்கொண்டு கத்துகிறது. வரி சொல்வது சோம்பலான ஒரு நிலையை, பாடுகிற விதமோ அதை உடைத்துக்கொண்டு வெளியே வரத் தவிக்கிற ஒருவனுடையது. இழுத்துக்கொண்டு போகாதே, ஏதாவது செய் என்று இசை அவனைப் பிடித்து உலுக்குகிறது.

கதையிலும் டனேடாவுக்குப் பேச வராது. மெய்கோவிடம் சொல்ல முடியாததை அவன் கத்தக்கூடிய ஒரே இடம் இந்தப் பாட்டு. அதற்குச் சத்தம் வேண்டும்.

கடைசியில் நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா?

கொஞ்சம் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லாத அளவுக்கு. முடிவில் அவன், சரி, விடைபெறுவதும் நல்லதுதான், நீ எங்கேயாவது நன்றாக இரு, நானும் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன், அப்படியே செய்கிறேன் என்கிறான். வாழ்த்தும் இல்லை, சபதமும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நண்பனை அனுப்பிவைக்கிறவன் பேச்சு. 'அப்படியே செய்கிறேன்' என்ற அந்தக் கடைசித் துண்டு, மற்றவருக்குச் சொன்னதைவிடத் தனக்கே சொல்லிக்கொண்டது போலத்தான் எனக்குக் கேட்கிறது. எப்படிச் சமாளிப்பான் என்று அவனுக்குத் தெரியாது, ஆனாலும் சொல்லிவிட்டான்.

பிரிந்த புதிதில் இதைக் கேட்கலாமா?

ஏமாற்றப்பட்டுப் பிரிந்திருந்தால் இந்தப் பாட்டு இப்போதைக்கு உதவாது, இதில் உங்கள் கோபத்துக்கு இடமே இல்லை, எரிச்சல்தான் வரும். தேய்ந்து தேய்ந்து பிரிந்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள். இன்னும் பிரியாமல், பிரியலாமா என்ற யோசனையில் இருக்கிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'எப்படியும் முளைவிடும்' என்பது டனேடாவின் பயம், அது சட்டம் இல்லை. இருபத்து சொச்சம் வயதில், தோல்வியின் நடுவில், வருமானம் இல்லாத நேரத்தில் எழுதியது. அதே கதையில் அவன் திரும்பி வருகிறேன் என்று போன் பண்ணினான் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

படத்தில் பாடுவது அதே குழுவா?

இல்லை. படத்தில் மெய்கோவாக நடித்த மியாசாகி அயோய், கிடார் கற்றுக்கொண்டு அவரே பாடினார். இயக்குநர் மிகி டகாஹிரோவுக்கு அது முதல் முழுநீளப் படம். பக்கத்தில் பாஸ் கிடார் வாசிக்கிற நண்பனாக நடித்தவர் கொன்டோ யோயிச்சி, சம்போமாஸ்டர் என்ற குழுவில் நிஜமாகவே பாஸ் வாசிப்பவர்.

குழுவின் வடிவம் முழுமையானது, கச்சிதமானது. மியாசாகியின் குரல் பயிற்சியில்லாதது, உச்சத்தில் நடுங்குகிறது, சில இடங்களில் மூச்சு பற்றவில்லை. எனக்கு இரண்டாவதுதான் இந்தப் பாட்டின் நிஜமான வடிவம். நன்றாகப் பாடத் தெரிந்தவள் பாடினால் அது கச்சேரி. இவளோ, அவன் போன பிறகு அவன் சொல்ல வந்தது என்ன என்று அவன் வார்த்தைகளையே தன் வாயில் போட்டுப் பார்க்கிறாள்.

எந்த வரிசையில் போவது நல்லது?

முதலில் பாட்டை மட்டும் கேளுங்கள், வரிகளின் அர்த்தம் மேலே இருக்கிறது. பிறகு மங்கா, இரண்டே தொகுதிதான், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. மங்காவைப் படித்தால் ஆற்றங்கரை, ரயில் பாலம், வெறும் வானம் என்று அசானோ வரைந்த பின்னணிகளில் நிறைய நேரம் நின்றுவிடுவீர்கள். 2017-ல் வந்த புதிய பதிப்பில், அதே மனிதர்களைப் பல வருடம் கழித்துக் காட்டுகிற ஒரு அத்தியாயம் கூடுதலாக இருக்கிறது. அதைக் கடைசியில் படியுங்கள். படம் அதற்குப் பிறகு.

இதே மனநிலையில் அந்தக் குழுவின் வேறு பாட்டு இருக்கிறதா?

'முஸ்டாங்' கேளுங்கள். 2008-ல் வந்தது. அதையே மறுபடி ஒலிக்கலவை செய்து, மெய்கோவுக்கானது என்று குறிப்பிட்டுப் படத்தின் முடிவுப் பாட்டாக வைத்தார்கள், சோலனின் வெளியான அதே இசைத்தட்டில் அதுவும் உண்டு. சோலனின் கத்தி முடிக்கிற இடத்தில் முஸ்டாங் தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பதால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நன்றாக இருக்கும். முழு ஆல்பமாக வேண்டும் என்றால் 2010 ஜூனில் வந்த 'மேஜிக் டிஸ்க்'. அதில் தொலைந்துபோன தலைமுறைக்கு விடை சொல்கிற ஒரு பாட்டும் இருக்கிறது, மேலே சொன்ன பனியுகத்துப் பிள்ளைகளைப் பற்றியது, சோலனினும் அதே ஆல்பத்தில்தான் வருகிறது.